கெட்டித்தனத்துக்கு ஆமென் சொல்லும் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் ஊழியம் செய்கிற போதகர்மாருக்கும், சபை மூப்பர்மாருக்கும், நிர்வாகக் குழுக்களில் இருக்கிற சகோதர சகோதரிகளுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையில் இருக்கிற ஆள். பிரசங்கம் பண்ணுகிற தகுதி எனக்கு இல்லை, அந்த ஆசையும் இல்லை. ஆனால் சபையில் யாரை ஞானி என்று தூக்கிப் பிடிக்கிறோம், யாரை விசுவாசம் குறைந்தவள் என்று ஓரம் தள்ளுகிறோம் என்பதைக் கனகாலமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். தனியாக வந்து சொன்னால் "சரி அக்கா, ஜெபிப்போம்" என்று அனுப்பிவிடுகிறீர்கள். ஆகவே எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

சாட்சி நேரத்தில் ஒரு சகோதரன் எழும்பி நிற்கிறார். இடம்பெயர்வு முடிந்து ஊருக்கு வரும்போது ஒரு சைக்கிள் மட்டும் இருந்ததாம். இப்போது உழவு இயந்திரம் இரண்டு, கடை ஒன்று, றோட்டுக்கரையில் காணி. "கர்த்தர் எனக்கு ஞானத்தைத் தந்தார்" என்கிறார். சபை கைதட்டுகிறது, போதகர் "ஆமென்" என்கிறார். ஊருக்குத் தெரிந்தது வேறு. விதைப்புக் காலத்தில் உரத்துக்கும் எண்ணெய்க்கும் காசு கொடுப்பார், மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு. அறுவடை முடிந்த கையோடு களத்துக்கே வந்து, சந்தை விலைக்குக் கீழே ஒரு விலை சொல்லி நெல்லை ஏற்றிக்கொண்டு போவார். கடன்பட்டவன் விலை பேச முடியுமா? மாதம் பத்து என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு 120. இதைத்தான் தேவன் தந்த ஞானம் என்று ஒலிவாங்கியில் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதே ஆராதனையில் ஒரு சகோதரிக்காக ஜெபிக்கிறார்கள். சில கிழமைகளாக ஆளைக் காணவில்லை, விசுவாசத்தில் தளர்ந்துவிட்டார் என்று. அவர் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய குழுக்கடனில் சேர்ந்து கையெழுத்து வைத்த இரண்டு பெண்கள் அதே சபையில் முன்னால் இருக்கிறார்கள். இவர் கட்டாத தவணையை அவர்கள் கட்டினார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்க வெட்கம். விசுவாசத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

யாக்கோபு தன் நிருபத்தின் 3 ஆம் அதிகாரத்தில் கேட்கிறார்: உங்களில் ஞானியும் விவேகியுமாயிருக்கிறவன் எவன்? அவனுடைய சொத்தையோ பேச்சையோ அவர் பார்க்கப் போகவில்லை. நல்ல நடக்கையில் காட்டட்டும், அதையும் சாந்தத்தோடு காட்டட்டும் என்கிறார். பிறகு இரண்டு ஞானத்தையும் எதிரெதிரே வைக்கிறார். ஒன்று லௌகிக சம்பந்தமானது. அது இருக்கிற இடத்தில் வைராக்கியமும் விரோதமும் கலகமும் இருக்கும். மற்றது பரத்திலிருந்து வருவது. முதலாவது சுத்தமுள்ளது, பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தாலும் நற்கனிகளாலும் நிறைந்தது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. எங்கள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இந்த வசனத்தை மனனம் செய்து பரிசும் வாங்குகிறார்கள். அந்தச் சகோதரனின் நெல் வியாபாரத்தோடு இதை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூப்பருக்கும் தோன்றவில்லை. அதே நிருபத்தின் 2 ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிற சபை ஒன்று வருகிறது. எங்கள் சபையில் நல்ல இடம் என்றால் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள கதிரை. அதில் யார் இருக்கிறார் என்று பார்த்தாலே போதும்.

இதைச் சொன்னதும் உங்களில் ஒரு பகுதியினர் சந்தோஷப்படுவீர்கள் என்பதும் தெரியும். உலக ஞானம் என்றாலே படிப்பு, கணக்கு, சட்டம் என்று எடுத்துக்கொண்டு அவற்றுக்கு எதிராகப் பிரசங்கிக்கிறவர்கள் நீங்கள். கணக்குப் பார்க்கிறவன் விசுவாசமில்லாதவன் என்று நேரடியாகவே கேட்டிருக்கிறேன், கணக்கெழுதுகிற என்னைப் பார்த்துக்கொண்டே. உங்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் ஆண்டவர்தான். யோசேப்பு ஏழு நல்ல வருடத்தில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் களஞ்சியத்தில் வைத்தான். அது களஞ்சியக்காரனுடைய வேலை. தேவ ஆவியைப் பெற்ற மனிதன் என்று பார்வோனே அவனைச் சொன்னான். (அதே யோசேப்பு, பஞ்சம் முற்றியபோது, சனங்களின் காசு, ஆடுமாடு, கடைசியில் நிலம், எல்லாவற்றையும் தானியத்துக்கு ஈடாகப் பார்வோனுக்கு எழுதி வாங்கினான். ஆதியாகமம் 47 ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது எனக்கு மனம் சமாதானமாக இருப்பதில்லை. அதைப்பற்றி யாரும் பிரசங்கித்துக் கேட்டதும் இல்லை.)

எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை விதைப்புக்கு, எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அதுக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பார்த்து, கூட்டம் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சத்தம் வரும், குறை சொல்லுவார்கள், அதிகாரிமார் வியர்த்து நிற்பார்கள். என்றாலும் அளவு பார்ப்பதும் பங்கிடுவதும் ஒரே இடத்தில் நடக்கிறது. தண்ணீர் குறைந்த வருடத்தில் எல்லோருக்கும் குறைகிறது. கமக்காரர் கூட்டத்தில் பாதிப்பேர் கோவிலுக்குப் போகிறவர்கள். யாக்கோபின் நிருபத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். எங்கள் சபைக் குழுக் கூட்டங்களை விட அங்கேதான் பரத்திலிருந்து வரும் ஞானத்தைச் சொல்லுகிற யாக்கோபு 3 ஆம் அதிகாரம் 17 ஆம் வசனத்துக்குக் கிட்டவாக ஏதோ நடக்கிறது.

ஆகவே, கணக்குப் போடுவது உலக ஞானம், போடாமல் இருப்பது தேவ ஞானம் என்ற பிரிப்பு எனக்கு விளங்கவில்லை. நான் பார்க்கிற இடம் வேறு. ஒரு திட்டம் பிழைத்துப்போனால் நட்டம் யாருடைய தலையில் விழும்? உலகத்துக் கெட்டித்தனம் அந்த நட்டத்தைப் பலமில்லாதவருடைய தலையில் கட்டிவிட்டு வரத் தெரிந்த ஒன்று. கொரிந்து சபைக்குப் பவுல் சிலுவையைப் பற்றி எழுதியபோது, அந்தச் சபை நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி பிரிந்து, யார் நன்றாகப் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் பவுல் வைத்தது, பலமுள்ளவர் நட்டத்தைத் தானே ஏற்றுக்கொண்ட ஒரு காரியத்தை. அது கிரேக்கருக்குப் பைத்தியமாகத் தெரிந்தது. இன்றைக்குக் கடன் கொம்பனி முகாமையாளருக்கும் அப்படித்தான் தெரியும். சபை மூப்பருக்கும் அப்படித் தெரிந்தால்தான் கவலை.

கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் அனேகர் ஒரு கடன் கொப்பியைத் திறந்து பார்த்ததில்லை.

2009 க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்த சனத்திடம் நகை இல்லை. காணி உறுதி தொலைந்தவர்கள் உண்டு. மற்றப் பலருடைய காணி அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. உறுதிக் காணியைப் போல அதை வைத்து நினைத்த இடத்தில் கடன் எடுக்க முடியாது. வங்கி பிணை கேட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள். பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் சீமெந்தும் கல்லும் கூலியும் ஏறிக்கொண்டு போக, பலருக்குக் கூரை மட்டத்தில் காசு முடிந்தது. அந்த நேரத்தில்தான் வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் ஆள் வந்தார். பிணை வேண்டாம் அம்மா, அயலில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள், ஐந்து பேர் ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்தால் போதும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு இலட்சம் ரூபாய் கடன். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 24 என்கிறார்கள். மொத்தம் ஒரு இலட்சத்து 24 ஆயிரம், 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 2,385 ரூபாய். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே அந்தப் பெண் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறார். ஆறு மாதத்தில் பாதிக்குக் கிட்டக் கட்டியாகிவிட்டது. அந்தப் பாதிக்கும் சேர்த்து வட்டி எடுக்கிறார்கள், முழு இலட்சமும் வருடம் முழுக்க அவர் கையில் இருந்தது போல. குறைந்து வரும் மீதிக்கு என்று பார்த்தால் அந்த 24 உண்மையில் 44 ஐத் தொடுகிறது. இதில் ஆரம்பக் கட்டணம், காப்புறுதி என்று கழிக்கிற காசு சேரவில்லை. தோட்டத்தில் வருமானம் போகத்துக்கு ஒருமுறை வருகிறது. தவணை கிழமைக்கு ஒருமுறை வருகிறது. அப்புறம் என்ன, முதல் கடனைக் கட்ட இரண்டாவது கொம்பனி, அதைக் கட்ட மூன்றாவது, கடைசியில் நாள் வட்டிக்காரர்.

தவணை நாளில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு வீட்டு முற்றத்தில், மாமரத்துக்குக் கீழே, பாயில் பெண்கள் வட்டமாக இருப்பார்கள். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் எழும்ப முடியாது. சமைக்க வேண்டும், பாடசாலையால் பிள்ளை வரும், ஆடு கட்டையில் நிற்கும், ஆனால் அந்த 2,385 வரும் வரை எல்லோரும் இருக்க வேண்டும். கடைசியில் நான்கு பேரும் எழும்பி ஐந்தாவது பெண்ணின் வீட்டுக்குப் போவார்கள். அங்கே கேட்கிற வார்த்தைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. வசூலிக்க வந்தவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமும் உண்டு, கோபமும் உண்டு. எங்கள் சனத்திடம் ஒன்றும் இல்லாத நேரத்திலும் ஒன்று இருந்தது. அயலவளுக்காக நிற்கிற குணம். செட்டிகுளம் முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இரண்டு மூன்று குடும்பம் இருந்தபோது பழகிய குணம். வங்கிக்கு அது கண்ணில் படவில்லை. சபைக்கும் பெரிதாகப் படவில்லை. கொம்பனிக்குப் பட்டது. அதைப் பிணையாக எழுதி வாங்கிக்கொண்டது. உலக ஞானம் எவ்வளவு கூர்மையானது என்று காட்ட இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். ஒளியின் பிள்ளைகளைப் பார்க்கிலும் இந்தப் பிரபஞ்சத்தின் பிள்ளைகள் அதிக புத்திமான்கள் என்று ஆண்டவர் சொன்னது சும்மா இல்லை.

சபையிடம் போனால் நீதிமொழிகள் 6 ஆம் அதிகாரத்தை எடுக்கிறீர்கள். பிணைப்படாதே என்று வேதம் சொல்லியும் கேட்கவில்லையே, பார்த்தாயா? ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தவளுக்கு இதுவா ஆலோசனை? அந்தப் பகுதியை முழுக்க வாசியுங்கள். பிணைப்பட்டுவிட்டாய் என்றால் கண்ணுக்கு நித்திரையை வரவிடாதே, போய் உன்னைத் தாழ்த்தி வருந்திக் கேள், வேடன் கைக்குத் தப்புகிற மானைப் போலத் தப்பு என்கிறது. அப்படியென்றால் ஆலோசனை சொல்கிறவரும் அவளோடு அலுவலகத்துக்குப் போக வேண்டுமே. இன்னொன்றும் இருக்கிறது. தம்பி பென்யமீனுக்காகத் தன்னைப் பிணை கொடுத்தவன் யூதா. எபிரெயர் நிருபத்தில் இயேசுவையே விசேஷித்த உடன்படிக்கைக்குப் பிணையாளி என்று எழுதியிருக்கிறது. அயலவளின் பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டும் என்று கையெழுத்து வைத்த பெண் கணக்கில் ஏமாந்திருக்கலாம். சுவிசேஷத்தில் அவ்வளவு ஏமாறவில்லை என்று நான் நினைக்கிறேன்.

உபாகமம் 24 ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் போகக்கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே வெளியே கொண்டுவந்து கொடுக்கட்டும். கடன் இருக்கலாம், அடகும் இருக்கலாம், ஆனால் வாசற்படிக்கு உள்ளே அவனுடைய மானம் இருக்கிறது. கணக்கெழுதுகிறவளாக இதை வாசித்தபோது எனக்கு மோசேயின் மேல் மரியாதை கூடியது. 2018 செப்டெம்பரில் ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். நாட்டின் வெளிநாட்டுக் கடனைப் பார்க்க வந்தவர். நுண்கடன் என்கிற இந்தச் சிறு குழுக்கடன்களில் பெண்கள் படுகிற பாட்டையும், வசூலிக்க வருகிறவர்கள் சிலர் செய்யும் பாலியல் தொந்தரவையும் சேர்த்து எழுதிவிட்டுப் போனார். வெளியிலிருந்து வந்த ஒருவர் சில நாட்களில் கேட்டறிந்ததை, ஞாயிறுதோறும் அதே பெண்களின் தலையில் கைவைத்து ஜெபிக்கிற நீங்கள் கேட்காமல் எப்படி இருந்தீர்கள்?

சட்டம் இருக்கிறது என்பீர்கள். 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது, வட்டிக்கும் உச்சவரம்பு சொன்னது. சிலருக்கு உதவியது. ஆனால் 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, அடுத்த வருடம் ரூபாய் விழுந்து, விளைச்சலும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல் சனம் மறுபடியும் கடன் வாசலுக்கே போனது. சட்டம் செய்வதைச் சட்டம் செய்யட்டும். நான் சபையோடு கதைக்கிறேன்.

ஏனென்றால் சபையும் இந்தச் சுற்றுக்குள் இருக்கிறது. விதைக் காணிக்கை, விசுவாச வாக்குறுதி என்று துண்டு கொடுத்துத் தொகை எழுதச் சொல்கிறீர்கள். நூறு மடங்காகத் திரும்பி வரும் என்கிறீர்கள். ஒரு சகோதரி எங்கள் சங்கத்துக்கு வந்து 25 ஆயிரம் கேட்டார். எதற்கு என்று விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டும். "கோழி வளர்ப்பு" என்று எழுதினார். கோழிக்கூடு எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாக்குறுதிக் காசு கட்டவேண்டும், கடைசி நாள் இந்த ஞாயிறு என்றார். நான் கடன் கொடுக்கவில்லை. என்மேல் அவருக்கு இன்றுவரைக்கும் கோபம். கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லி எந்தத் தீர்க்கதரிசி சொன்னான்? இரண்டு காசு போட்ட விதவை அதை யாரிடமும் வட்டிக்கு வாங்கிக்கொண்டு வரவில்லை. விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி ஆண்டவர் எச்சரித்தது அந்தக் கதைக்கு முந்தின வசனங்களிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒருநாள் வாசித்துக் காட்டுங்கள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை. மோட்டார் சைக்கிளே லீசிங்கில் ஓடுகிறது. வாடகைக் கட்டடம், மின்கட்டணம், பிள்ளைகளின் படிப்பு. காணிக்கை குறைந்தால் உலை குறையும். முன்வரிசைச் சகோதரனைக் கண்டிக்க உங்களுக்குத் தயக்கம் ஏன் என்று எனக்குப் புரிகிறது. அவர் கொடுக்கிற தசமபாகம் மற்ற முப்பது குடும்பத்தின் தசமபாகத்தை விடக் கூட இருக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதத்தை மூப்பர்மாருக்கும் குழுவினருக்கும் சேர்த்து எழுதினேன். போதகரைப் பட்டினி போட்டுவிட்டு அவரிடம் தைரியத்தை எதிர்பார்க்கிற சபைக்கும் இதில் பங்கு உண்டு.

நிர்வாகக் குழுக்களுக்கு வருகிறேன். யுத்தம் முடிந்த கையோடு வெளிநாட்டுச் சபைகளும் நிறுவனங்களும் உதவியோடு வந்தன. அதில் வயிறு நிறைந்தவர்கள் நாங்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் புரொஜெக்ட் எழுதத் தெரிந்தவர் மூப்பராகிற வழக்கம் அப்போது தொடங்கியது. ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதுவார், படம் எடுத்து அனுப்புவார், ஒரே பிள்ளைகளை இரண்டு சபையின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்ததும் உண்டு. சகோதரன் கெட்டிக்காரன், ஞானமாக நடத்துகிறார் என்றீர்கள். பிறகு அந்தக் காசால் சபை இரண்டாக உடைந்தது. ஒரே ஒழுங்கையில் இரண்டு கொட்டகை, இரண்டு ஒலிபெருக்கி. வைராக்கியமும் விரோதமும் எங்கே உண்டோ அங்கே கலகமும் உண்டு என்று வேதத்தில் இருப்பதை அந்த ஒழுங்கையில் நின்றாலே காதால் கேட்கலாம்.

தாவீதின் வீட்டில் யோனதாப் என்று ஒருவன் இருந்தான். மகா தந்திரவாதி என்று வேதம் சொல்கிறது. தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைத் தனியாகப் பிடிக்க அவன் கொடுத்த ஆலோசனை அப்படியே பலித்தது, ஒரு பிசகும் இல்லை. தாமாருடைய வாழ்க்கை அழிந்தது. பிறகு தாவீது வஸ்திரத்தைக் கிழித்துத் தரையில் கிடக்கும்போது அதே யோனதாப் பக்கத்தில் நின்று ஆறுதலும் சொல்கிறான். ஒரு ஆலோசனை பலித்ததா என்று மட்டும் பார்க்கிற சபைக்கு யோனதாப் நல்ல மூப்பர். சாலொமோனுக்குப் பிறகு ராஜாவான அவன் மகன் ரெகொபெயாமிடமும் இரண்டு ஆலோசனை வந்தது. வரிச்சுமையைக் குறையுங்கள் என்று சனம் கேட்டது. நீர் இந்த ஜனத்துக்குச் சேவகனாகி நல்வார்த்தை சொன்னால் எந்நாளும் உம்மோடு இருப்பார்கள் என்றார்கள் முதியவர்கள். தகப்பன் சவுக்கால் அடித்தான், நான் தேளால் அடிப்பேன் என்று சொல்லச் சொன்னார்கள் கூட வளர்ந்தவர்கள். அந்த இரண்டாவது ஆலோசனை அன்றைக்கு மிகவும் உறுதியான, தலைவனுக்கு ஏற்ற பேச்சாகத்தான் கேட்டிருக்கும். பத்துக் கோத்திரம் போய்விட்டது.

காணி வழக்குகளிலும் இதுதான். இரண்டு விசுவாசிகள் எல்லை வேலிக்காக நீதிமன்றத்துக்கு அலைகிறார்கள். சபை இரண்டு பக்கத்துக்கும் வெற்றி கிடைக்க ஜெபிக்கிறது. தன் சகோதரருடைய வழக்கைத் தீர்த்துவைக்க ஒரு விவேகியாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று பவுல் கேட்டது வெட்கப்படுத்துவதற்காக. நாங்கள் வெட்கப்படுவதையும் விட்டுவிட்டோம்.

வெளிநாட்டுப் பயண விசயத்தில் ஒரு சொல் மட்டும். முகவருக்குக் கொடுக்கிற காசை ஆராதனையில் உயர்த்திப் பிடித்து ஜெபிக்காதீர்கள். 2022 நவம்பரில் முந்நூறுக்கு மேற்பட்ட இலங்கையரோடு நடுக்கடலில் பழுதாகி, வியட்நாமில் கரைசேர்க்கப்பட்ட கப்பலை எல்லோருக்கும் நினைவிருக்கும். காணியை ஈடு வைத்துக் காசு கட்டியவர்கள் கையில் ஒரு பற்றுச்சீட்டாவது இருக்கிறதா என்று கேட்பது அவிசுவாசம் ஆகாது. விசா கிடைத்தவர் சாட்சி சொல்கிறார். ஏமாந்தவர் பின் கதவால் போகிறார்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நெகேமியா 5 ஆம் அதிகாரத்தில் இருப்பதைச் செய்யுங்கள். எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சனம் கூக்குரலிட்டது: பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவின் வரிக்குக் கடன்பட்டோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கிறோம், வாங்குகிறவர்கள் எங்கள் சகோதரரே. நெகேமியா முதலில் கோபப்பட்டார். பிறகு மனதிலே ஆலோசனை பண்ணினார். பிறகு சபையைக் கூட்டி, பிரபுக்களை எல்லோருக்கும் முன்னால் கடிந்துகொண்டார். தானும் தன் வேலைக்காரரும் கடன் கொடுத்தவர்கள் என்பதை மறைக்கவில்லை; இந்த வட்டியை விட்டுவிடுவோமாக என்று தன்னையும் சேர்த்துச் சொன்னார். வயலையும் வீட்டையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மதில் வேலை ஒருநாள் நின்றிருக்கும். பரவாயில்லை என்று நினைத்தார் போல.

உங்கள் சபையிலும் ஒரு பிற்பகல் மதில் வேலையை நிறுத்துங்கள். கட்டட நிதிக்கூட்டம், உபவாசக்கூட்டம் எதையாவது ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு, கடன் கொப்பிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். யார் யாருக்கு எவ்வளவு, எத்தனை இடத்தில், என்ன வட்டிக்கு என்று ஒழுங்காக எழுதுவோம். மேடையும் ஒலிவாங்கியும் வேண்டாம். பெண்களுடைய கணக்கைப் பெண்களே பார்க்கட்டும், ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. தவணையை நீட்டிக் கேட்க அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு மூப்பர் கூடப் போகட்டும். தனியாகப் போகிற பெண்ணிடம் கதைக்கிற மாதிரி மூப்பர் முன்னால் கதைக்க மாட்டார்கள், இது நான் கண்டது. மரண உதவிச் சங்கம் இல்லாத கிராமம் எங்கள் பக்கம் குறைவு. செத்த வீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து காசு போடத் தெரிந்த சனத்துக்கு, உயிரோடு இருக்கிறவளின் ஒரு தவணைக்கும் அப்படிப் போடத் தெரியும்.

வட்டிக்குக் கொடுக்கிற சகோதரனைத் துரத்தச் சொல்லவில்லை. வரி வசூலிக்கிற ஆயக்காரன் சகேயுவின் வீட்டுக்கு ஆண்டவரே போனார். ஆனால் சகேயு எழும்பி நின்று சொன்ன சாட்சியில் தொகை இருந்தது: பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுக்கு நாலத்தனை. அப்படி ஒரு சாட்சி வந்தால் நானும் கைதட்டுவேன். அதுவரைக்கும் அவருக்கு ஒலிவாங்கியைக் கொடுக்காதீர்கள், மூப்பர் பதவியையும் கொடுக்காதீர்கள். சபையின் வரவு செலவை மாதம் ஒருமுறை கதவில் ஒட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த காசையும் சேர்த்து. எந்தக் கொம்பனிக்கும் குழுக்கூட்டம் நடத்தச் சபை மண்டபத்தைக் கொடுக்காதீர்கள், வாடகை தந்தாலும். விசுவாச வாக்குறுதித் துண்டுகளை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள்.

ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். சபையில் ஆலோசனை கேட்டு வருகிறவளை முதலில் கடிந்துகொள்ளாமல் இருக்க அதிலிருந்தே பழகலாம்.

மாரி மழைக்கு முன்னால், விதைப்புக்கு ஆட்கள் வயலுக்கு இறங்குவதற்கு முன்னால் இந்தக் கூட்டத்தை வைத்தால் நல்லது, ஏனென்றால் புதுக் கடன் எடுக்கிற காலம் அதுதான். எந்தச் சபையாக இருந்தாலும் பரவாயில்லை. திகதியைச் சொல்லியனுப்புங்கள். கணிப்பானும் கொப்பியும் நான் கொண்டு வருகிறேன், மேசை ஒன்று மட்டும் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
கிளிநொச்சி மாவட்டத்துச் சபை ஒன்றின் அங்கத்தவர்